டிரினிடாட்: கலந்தது எது, கலக்காதது எது?

கரீபியன் கடலின் தென்கோடியில், வெனிசுலா கரையிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் டிரினிடாட் – டொபாகோ, 2025 தொடக்கத்தில் தன் அரசு இலச்சினையை மாற்றச் சட்டம் இயற்றியது. 1962இல் விடுதலை பெற்றபோது வரைந்த இலச்சினையில் கொலம்பஸின் மூன்று கப்பல்கள் இருந்தன. அவற்றை எடுத்துவிட்டு ஸ்டீல்பேன் என்ற எஃகு வாத்தியத்தை வைத்தார்கள். அதே ஆண்டு ஜூலையில் இந்தியப் பிரதமர் அங்கே போனார். அந்நாட்டுப் பிரதமர் கம்லா பெர்சாத் பிசெசரின் மூதாதையர் ஊர் பீகாரில் இருப்பதை அவர் மேடையில் நினைவுபடுத்த, "அங்கே ஒரு குட்டி இந்தியா இருக்கிறது" என்ற பேச்சு இங்கே பரவியது.

இரண்டு செய்திகளையும் சேர்த்துப் படித்தால் குழப்பம்தான் வரும். அது ஆப்பிரிக்க நாடா, இந்திய நாடா, கிறிஸ்தவ நாடா? "எல்லாம் கலந்த நாடு" என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஆனால் அங்கே கலந்தவையும் உண்டு, கலக்க மறுத்தவையும் உண்டு. எது ஏன் கலந்தது என்பதைப் பிரித்துப் பார்த்தால்தான் அந்த நாட்டின் அரசியலும் புரியும், திருவிழாக்களும் புரியும்.

யார், எப்போது வந்தார்கள்?

1. தீவுக்கு உரியவர்கள் பூர்வகுடிகள். 1498இல் கொலம்பஸ் வந்து, பரிசுத்த திரித்துவத்தின் பெயரால் டிரினிடாட் என்று பெயர் வைத்தார். பூர்வகுடிகளின் வழித்தோன்றல்கள் இன்றும் அரிமா என்ற ஊரில் ஒரு சமூகமாக இருக்கிறார்கள்; ஆகஸ்டில் வரும் சாண்டா ரோசா கத்தோலிக்கத் திருவிழாதான் அவர்களுக்கும் பெரிய நாள்.

2. ஸ்பெயின் தீவை வைத்திருந்ததே தவிர அதிகம் குடியேற்றவில்லை. 1783இல் ஸ்பெயின் மன்னர், கத்தோலிக்கராக இருந்தால் எந்த நாட்டவருக்கும் இலவச நிலம் என்று அறிவித்தார். பக்கத்துத் தீவுகளிலிருந்து பிரெஞ்சு தோட்ட முதலாளிகள் தங்கள் ஆப்பிரிக்க அடிமைகளோடு வந்து இறங்கினார்கள். தவக்காலத்துக்கு முன் வேடமிட்டுத் தெருவில் ஆடும் கார்னிவல் அவர்கள் கொண்டுவந்தது.

3. 1797இல் பிரிட்டன் தீவைப் பிடித்தது. ஸ்பானியப் பெயர், பிரெஞ்சுப் பேச்சு, ஆங்கிலேய அதிகாரம் என்ற மூன்றும் ஒரே தீவில் சேர்ந்தன.

4. 1830களில் அடிமை முறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் இல்லை. 1845 மே 30 அன்று ஃபத்தல் ரசாக் என்ற கப்பல் இந்தியாவிலிருந்து இருநூற்றுச் சொச்சம் ஒப்பந்தக் கூலிகளை இறக்கியது. 1917 வரை சுமார் 1,44,000 பேர் இப்படி வந்தார்கள். பெரும்பாலானோர் கல்கத்தா வழியாகப் போன போஜ்புரி பேசும் பீகார், கிழக்கு உத்தரப் பிரதேசத்து மக்கள். தொடக்கக் காலத்தில் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல்கள் போயின. அதில் போன தமிழரும் தெலுங்கரும் அங்கே "மதராஸி" ஆனார்கள்.

5. டொபாகோவின் கதை வேறு. அங்கே பெரும்பாலோர் ஆப்பிரிக்க வம்சாவளியினர், சீர்திருத்தச் சபைக் கிறிஸ்தவர்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் நிர்வாகத்துக்காக டிரினிடாடோடு இணைக்கப்பட்டது. இந்தக் கட்டுரை சொல்லும் இந்து – முஸ்லிம் – ஆப்பிரிக்கக் கலப்பு ஏறக்குறைய முழுவதும் டிரினிடாட் தீவின் விஷயம்.

2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை சுமார் 13 லட்சம். இந்திய வம்சாவளி 35.4 சதவீதம், ஆப்பிரிக்க வம்சாவளி 34.2, கலப்பினத்தவர் 22.8. மதத்தில் கத்தோலிக்கர் 21.6, இந்துக்கள் 18.2, பெந்தெகொஸ்தே சபையினர் 12, முஸ்லிம்கள் 5. எந்த இனத்துக்கும் எந்த ஒரு மதச் சபைக்கும் அங்கே பெரும்பான்மை கிடையாது; எல்லாச் சபைகளையும் கூட்டினால்தான் கிறிஸ்தவர்கள் பாதியைத் தாண்டுகிறார்கள். "குட்டி இந்தியா" என்று அழைப்பதில் உள்ள பிழை இந்த எண்களிலேயே தெரிந்துவிடுகிறது.

மூன்று சொற்கள்

கலலூ: கிழங்குச் செடியின் இலை, வெண்டைக்காய், தேங்காய்ப்பால், சில சமயம் நண்டு எல்லாம் போட்டு வேகவைத்துக் கடையும் பச்சைக் குழம்பு. தங்கள் நாட்டைக் கலலூ என்று அவர்களே சொல்லிக்கொள்வார்கள். எல்லாம் கரைந்து ஒன்றாகிவிட்டது என்பது இந்த உவமையின் பொருள்.

கிரியோல்: தீவிலேயே பிறந்து, தீவிலேயே உருவானது. ஆளுக்கும் சொல்லலாம், மொழிக்கும் சமையலுக்கும் சொல்லலாம். நடைமுறையில் இந்தச் சொல் ஆப்பிரிக்க – ஐரோப்பியக் கலப்பையே குறிக்கும். இந்தியர்கள் நெடுங்காலம் இதற்கு வெளியே வைத்துப் பார்க்கப்பட்டார்கள்.

டக்ளா: ஆப்பிரிக்கர் ஒருவருக்கும் இந்தியர் ஒருவருக்கும் பிறந்தவர். போஜ்புரியில் இழிசொல்லாக இருந்தது. இன்று பலர் பெருமையோடே சொல்லிக்கொள்கிறார்கள். 2011இல் 7.7 சதவீதம் பேர் தங்களை இப்படிப் பதிந்துகொண்டார்கள். ஆனால் 1990களில்கூட, இந்தியர்கள் கரைந்துபோய்விடுவார்கள் என்ற அச்சத்தை இதே சொல்லை வைத்துத்தான் சில இந்து அமைப்புகளின் தலைவர்கள் பேசினார்கள்.

நாட்டைக் கலலூ என்று கொண்டாடும் அதே சமூகத்தில் டக்ளா என்பது வசைச்சொல்லாகவும் இருந்தது. இந்த முரண்தான் டிரினிடாடைப் புரிந்துகொள்வதற்கான வாசல்.

சிப்பாரியாவின் கறுத்த மாதா

தெற்கு டிரினிடாடில் சிப்பாரியா என்று ஓர் ஊர். 18ஆம் நூற்றாண்டில் ஸ்பானியக் கப்புச்சின் துறவிகள் அங்கே பூர்வகுடிகளுக்காக ஒரு மிஷன் நிறுவினார்கள். அங்குள்ள கத்தோலிக்க ஆலயத்தில் மரத்தில் செதுக்கிய சிறிய மாதா சிலை ஒன்று இருக்கிறது. பழுப்பேறிக் கறுத்த முகம். "தெய்வீக மேய்ப்பி" என்பது திருச்சபை வைத்த பெயர். இந்துக்களுக்கு அவள் சிப்பாரி மாயி.

பெரிய வியாழன் மாலையே கூட்டம் சேரத் தொடங்கும். இரவெல்லாம் வந்து, புனித வெள்ளியன்று பெருகும். வருபவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள். எண்ணெய், அரிசி, மெழுகுவர்த்தி, பூ, நாணயம், சில சமயம் தங்க நகை கொண்டுவந்து மாதாவின் முன் வைக்கிறார்கள். ஆலயத்துக்கு வெளியே நாவிதர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். பிறந்து முதல்முறையாகக் குழந்தைக்கு முடி இறக்குவது அங்கேதான். வாசலில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் ஏழைகளுக்குக் காசும் அரிசியும் கொடுத்துவிட்டுத் திரும்புகிறார்கள். கத்தோலிக்கர்களுக்கான மாதா திருவிழா ஈஸ்டருக்குப் பிறகு தனியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை வருகிறது. அன்று பூசை, பவனி எல்லாம் திருச்சபை முறைப்படி.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. ஒரே சிலை, ஒரே கட்டடம். நாள் வேறு, பெயர் வேறு, வழிபாட்டு முறை வேறு. இந்துக்கள் கத்தோலிக்கர் ஆகவில்லை. கத்தோலிக்கர்கள் காளியைக் கும்பிடத் தொடங்கவில்லை. கலலூ உவமை சொல்வதுபோல் எதுவும் கரையவில்லை. ஒரு தெய்வத்தின் சக்தியை இரு சமூகங்கள் நம்பி, இடத்தைப் பங்கிட்டுக்கொண்டன. டிரினிடாடின் மதக் கலப்பில் பெரும்பகுதி இந்த வகையைச் சேர்ந்தது. என் பார்வையில், முழுதாகக் கரைந்து ஒன்றாவதைவிட இதுதான் அரிது, இதுதான் கடினம். தெய்வத்தை விட்டுக்கொடுக்காமல் வாசலை மட்டும் திறந்துவைப்பதற்கு இரு பக்கமும் பொறுமை வேண்டியிருக்கிறது.

தடை போட்டதால் பிறந்தவை

கலப்பு அன்பினால் மட்டும் வந்ததல்ல. காலனி அரசு எதையெல்லாம் தடுத்ததோ, அதன் வடிவம் மாறி வேறொன்று பிறந்தது. நான்கு தடைகளைப் பார்க்கலாம்.

1. மேளத்துக்குத் தடை. அடிமைக் காலத்தில் கரும்புக் காட்டில் தீப்பிடித்தால் அடிமைகளைத் தீவட்டியோடு விரட்டி அணைக்க வைப்பார்கள். விடுதலைக்குப் பின் அதையே கார்னிவலில் தீவட்டி, மேளம், சிலம்பாட்டத்தோடு நடித்துக் காட்டினார்கள், பெயர் கேன்பூலே. 1881இல் தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் போலீஸ் அதை அடக்கப்போய்க் கலவரம் ஆனது. தொடர்ந்து வந்த சட்டங்கள் தோல் மேளத்தை ஒடுக்கின. மக்கள் மூங்கிலை வெட்டித் தரையில் குத்தித் தாளம் போட்டார்கள். 1930களில் மூங்கிலோடு பிஸ்கட் டப்பா, குப்பைத்தொட்டி மூடி எல்லாம் சேர்ந்தன. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைத்தளம் வந்ததோடு 55 காலன் எண்ணெய் பீப்பாய்கள் தாராளமாகக் கிடைத்தன.

பீப்பாயின் அடித்தகட்டைச் சுத்தியலால் அடித்து அடித்துக் குழிவாக்குவார்கள். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஓர் எல்லை வரைந்து, உளியால் கோடு பதிப்பார்கள். நெருப்பில் காட்டி இறுக்கி, மறுபடி தட்டிச் சுருதி சேர்ப்பார்கள். உச்ச ஸ்தாயி வாத்தியத்துக்குப் பீப்பாயின் உடம்பைக் குட்டையாக அறுக்கிறார்கள். மந்திர ஸ்தாயிக்கு முழுப் பீப்பாயும் நிற்கும். ரப்பர் சுற்றிய குச்சியால் தட்டினால் மணிபோல் ஒலிக்கும். லாவன்டில் மலைச்சரிவின் ஏழைக் குடியிருப்புகளில் இது உருவானபோது, ஸ்டீல்பேன் வாசிப்பவன் என்றால் ரவுடி என்றுதான் பொருள். இன்று அது அரசு இலச்சினையில் இருக்கிறது. 2023இல் ஐ.நா. ஆகஸ்ட் 11ஐ உலக ஸ்டீல்பேன் நாளாக அறிவித்தது.

2. ஊர்வலத்துக்குத் தடை. மொஹர்ரம் அங்கே ஹொசே. ஹுசைன் என்ற பெயரின் திரிபு. மூங்கிலும் காகிதமும் ஜிகினாவும் கொண்டு தாஜா என்ற சமாதி மாதிரிகளை வாரக்கணக்கில் கட்டுகிறார்கள். நபிகளின் பேரர்களான ஹசனுக்குப் பச்சை, ஹுசைனுக்குச் சிவப்பு என இரண்டு பெரிய பிறைகளை ஒருவர் தோளில் சுமந்து சுழன்றாடுவார். முன்னால் தாஸா மேளம். மண்சட்டியில் ஆட்டுத்தோல் கட்டியது. தோல் தளர்ந்தால் தெருவோரத்தில் தீ மூட்டிக் காய்ச்சி முறுக்கேற்றிக்கொண்டு மறுபடி சேர்ந்துகொள்வார்கள்.

தோட்டத் தொழிலாளிகளாக இருந்த இந்துக்களும் இதில் முழுமையாகக் கலந்துகொண்டார்கள், ஆப்பிரிக்கர்களும் மேளம் அடித்தார்கள். அரசுக்கு அச்சமே அதுதான். ஊர்வலம் நகரத்துக்குள் வரக்கூடாது என்று உத்தரவு போட்டார்கள். 1884 அக்டோபர் 30 அன்று சான் ஃபெர்னாண்டோ நகரத்துக்குள் நுழைய முயன்ற ஊர்வலங்கள் மீது போலீஸ் சுட்டது. குறைந்தது 16 பேர் இறந்தார்கள், நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். ஹொசே சாகவில்லை. போர்ட் ஆஃப் ஸ்பெயினின் செயின்ட் ஜேம்ஸ் பகுதியிலும் தென்மேற்கு முனையின் செட்ரோஸிலும் இன்றும் நடக்கிறது. தாஸா மேளமோ மொஹர்ரத்தைத் தாண்டி இந்துக் கல்யாணங்களுக்கும் போய்விட்டது.

3. ஜெபத்துக்குத் தடை. ஆத்மிக பாப்டிஸ்டுகள் என்ற சபையினர் ஆப்பிரிக்க முறையில் ஆவி இறங்கி, மணி அடித்து, உரக்கக் குரலெழுப்பி வழிபடுகிறவர்கள். "கூச்சல்காரர்கள் தடைச் சட்டம்" என்றே பெயர் வைத்து 1917இல் அரசு அவர்களைத் தடுத்தது. 34 ஆண்டுகள் காட்டிலும் மறைவிலும் ஜெபித்தார்கள். 1951 மார்ச் 30 அன்று சட்டம் நீக்கப்பட்டது.

இவர்களின் ஆலயத்தில் தரையில் சுண்ணக்கட்டிக் கோலங்கள் இருக்கும், நடுவில் தண்ணீரும் பூவும் வைத்த பித்தளைச் சொம்பு இருக்கும். அதன் பெயர் லோட்டா. இந்தியர்களிடமிருந்து வந்தது. "துக்கம் இருத்தல்" என்ற சடங்கில் கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு நாள்கணக்கில் உபவாசமாகத் தரையில் கிடப்பார்கள். அந்த நிலையில் ஆத்மா பயணம் போகிறது. போகும் நாடுகள் ஆப்பிரிக்கா, இந்தியா, சீனா. தீவில் யாரெல்லாம் வந்து இறங்கினார்களோ, அவர்களின் நாடுகள் எல்லாம் அந்த ஆன்மிக வரைபடத்தில் இடம்பிடித்திருக்கின்றன.

4. கல்யாணத்துக்கு அங்கீகாரமின்மை. இந்துத் திருமணம் 1945 வரை சட்டத்தின் கண்ணில் திருமணமே இல்லை. "மூங்கிலின் கீழ் கட்டியது" என்று பெயர், பந்தல் மூங்கிலால் ஆனது என்பதால். பிள்ளைகள் முறையற்றுப் பிறந்தவர்கள் என்று பதிவாயினர், அப்பன் சொத்துக்கு உரிமை கேட்பதில் சிக்கல் வந்தது. கலப்பைப் பற்றிய எந்தப் புகழ்ச்சியும் இந்த ஒரு நூற்றாண்டு அவமானத்தை மறந்துவிட்டுப் பேசக்கூடாது. இன்றைய இந்து அமைப்புகளின் பிடிவாதத்துக்கு வேர் இங்கே இருக்கிறது.

மதராஸியின் காளி

தமிழர்கள் எண்ணிக்கையில் சொற்பம். மொழி சில தலைமுறைகளில் போய்விட்டது. முத்து என்பது மூட்டூவாகவும் முனுசாமி என்பது மூன்சாமியாகவும் குடும்பப் பெயர்களில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. தங்கியது மாரியம்மன்.

காளி மாயி பூசை என்று அங்கே அழைக்கப்படும் வழிபாட்டில் வேப்பிலை உண்டு, கரகம் உண்டு, சூடம் உண்டு, அருள் வருவது உண்டு. அடிக்கும் பறையின் பெயர் அங்கும் தப்பு. மதுரை வீரன், முனீஸ்வரன், சங்கிலிக் கறுப்பன் ஆகியோர் பெயர் சற்றே திரிந்து தனித்தனி மாடங்களில் நிற்கிறார்கள். தென்னமெரிக்கக் கரையில் இருக்கும் கயானாவிலும் டிரினிடாடிலும் இந்தக் கோயில்களில் நாகூர் மீராவுக்கும் இடம் உண்டு. நாகூர் தர்காவின் ஆண்டவர், இந்துக் கோயில் வளாகத்தில், அட்லாண்டிக்குக்கு அப்பால். கரீபியனுக்குப் போய்க் கற்றுக்கொண்ட கலப்பு அல்ல இது, சோழ மண்டலக் கரையிலிருந்து கப்பலேறியபோதே கூட வந்தது.

1970களில் கயானாவின் பூசாரிகளோடு ஏற்பட்ட தொடர்பால் இந்த வழிபாடு டிரினிடாடில் புத்துயிர் பெற்றது. நோய் தீர, பேய் விலக என்று வருபவர்களில் ஆப்பிரிக்க வம்சாவளியினரும் இருக்கிறார்கள். ஆனால் மையநீரோட்ட இந்து அமைப்புகள் இதைச் சங்கடத்தோடே பார்த்துவந்திருக்கின்றன. 1952இல் ஒன்றுபட்ட சனாதன தர்ம மகாசபை வளர்த்த இந்து மதம் வடஇந்தியப் பண்டிதர்களுடையது, துளசிதாசரின் ராமாயணத்தை ஓதும் மதம். உயிர்ப்பலியும் அருள் வாக்கும் அதற்கு ஆகாதவை. கிறிஸ்தவச் சமூகத்தின் முன் "நாங்களும் நாகரிகமானவர்கள்" என்று நிரூபிக்க வேண்டிய நெருக்கடியில், தன் வீட்டுக் கொல்லையில் இருந்த அம்மனை மறைத்துவைத்தார்கள். மதங்களுக்கு இடையே கலப்பு எளிதாக நடந்த இடத்தில், ஒரே மதத்துக்குள் அது நடக்கவில்லை.

சட்டம் எங்கே நிற்கிறது?

தெருவில் எல்லை தெளிவாக இல்லை. அரசாங்கத் தாளில் எல்லை தெளிவு. அதன் விளைவுகள்:

1. பள்ளிகள். 1960இல் அரசும் மதச் சபைகளும் செய்துகொண்ட உடன்படிக்கைப்படி, பள்ளிக்கூடம் சபையின் சொத்து, செலவில் பெரும்பகுதி அரசுடையது. மாணவர் இடங்களில் 20 சதவீதம் வரை பள்ளியே தேர்ந்தெடுக்கலாம். பெயர்பெற்ற பள்ளிகள் பெரும்பாலும் சபைகளின் கையில் இருப்பதால், இந்த 20 சதவீதம் ஓயாத சர்ச்சை. 1990களில் கத்தோலிக்கப் பள்ளியில் படித்த முஸ்லிம் மாணவி ஹிஜாப் அணிய நீதிமன்றம் வரை போய் வென்றார்.

2. விருது. 1969இல் உருவான மிக உயர்ந்த தேசிய விருதுக்குத் திரித்துவச் சிலுவை என்று பெயர். இந்துக்களும் முஸ்லிம்களும் சிலுவையை மார்பில் குத்திக்கொள்ள வேண்டுமா என்ற கேள்வி நீதிமன்றம் போனது. 2008இல் அரசு அதைக் குடியரசு விருதாக மாற்றியது. 2009இல் அந்நாட்டின் இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில், பழைய விருது பாரபட்சமானதே என்று தீர்ப்பளித்தது. இலச்சினையிலிருந்து கப்பல்கள் நீங்கியதை இந்தத் தொடர்ச்சியில்தான் படிக்க வேண்டும்.

3. விடுமுறை நாட்காட்டி. தீபாவளிக்கும் ஈகைப் பெருநாளுக்கும் 1960களிலிருந்து விடுமுறை. 1985இல் கொலம்பஸ் வந்த நாளை எடுத்துவிட்டு, ஆகஸ்ட் 1ஐ அடிமை விடுதலை நாளாக்கினார்கள். 1990களின் நடுவில் இந்தியர் வருகை நாளும், மார்ச் 30 ஆத்மிக பாப்டிஸ்ட் விடுதலை நாளும் சேர்ந்தன. பாப்டிஸ்டுகளுக்கு அந்த நாளைக் கொடுத்தது, இந்திய வம்சாவளியின் முதல் பிரதமரான பாஸ்தியோ பாண்டேயின் அரசு. ஆப்பிரிக்க அடித்தட்டு மக்களின் சபைக்கு அதற்கு முன்பிருந்த எந்த அரசும் செய்யாததை அது செய்தது. இனக் கணக்கு மட்டுமே போட்டுப் பார்ப்பவர்களுக்கு இது விளங்காது.

நாட்காட்டி இப்படி ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒரு நாள் என்று பங்கு பிரிக்கிறது. ஒரு சமூகத்துக்கு மட்டும் உரியது என்று எழுத முடியாத நாட்களுக்கு அதில் இடம் இல்லை. ஹொசேக்கு அரசு விடுமுறை கிடையாது. உலகமே டிரினிடாடை அடையாளம் காணும் கார்னிவல் திங்களும் செவ்வாயும்கூடச் சட்டப்படி விடுமுறை நாட்கள் அல்ல. அந்த இரண்டு நாளும் பள்ளி இல்லை, வங்கி இல்லை, கடை இல்லை. திங்கள் விடியும் முன்பே சேறும் சாயமும் பூசிக்கொண்டு நாடே தெருவில் நிற்கிறது.